மார்பக இம்ப்ளான்ட் எத்தனை ஆண்டு தாங்கும், எப்போது மாற்ற வேண்டும்?

பத்து ஆண்டு முடிந்தால் மார்பக இம்ப்ளான்டை மாற்றியே ஆக வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். ஒருமுறை வைத்துவிட்டால் ஆயுள் முழுவதும் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு நம்பிக்கைகளும் பெண்களுக்குத் தீங்கு செய்கின்றன: முதலாவது, நல்ல நிலையில் இருப்பதை எடுப்பதற்காகவே அவர்களை மீண்டும் அறுவை அரங்குக்கு அனுப்புகிறது; இரண்டாவது, உள்ளே கிழிந்து கிடப்பதை அறியாமலேயே ஆண்டுகளைக் கடத்த வைக்கிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதில் தெளிவாகவே இருக்கிறது. இவை ஆயுள் முழுவதும் நீடிக்கும் சாதனங்கள் அல்ல என்றும், உடலில் இருக்கும் காலம் கூடக்கூடச் சிக்கல் வரும் வாய்ப்பும் கூடும் என்றும் அது எச்சரிக்கிறது. ஆனால் இன்ன ஆண்டில் எடுத்துவிட வேண்டும் என்று கெடு எதுவும் விதிக்கவில்லை. இம்ப்ளான்டும் அதைச் சுற்றியுள்ள திசுவும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் பார்த்தே மாற்றும் காலத்தை முடிவு செய்ய வேண்டும்.

அந்த நிர்வாகம் 2011-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மார்பளவைக் கூட்டுவதற்காக சிலிகோன் ஜெல் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கும், புற்றுநோய் போன்ற காரணங்களால் மார்பகத்தை இழந்து மறுசீரமைப்புக்காக வைத்துக்கொண்டவர்களில் இரண்டில் ஒருவருக்கும், பத்து ஆண்டுகளுக்குள் அதை அகற்ற வேண்டி வருகிறது. மறுசீரமைப்பில் இம்ப்ளான்டை மூடுவதற்குப் போதிய திசு இருப்பதில்லை; கதிரியக்கச் சிகிச்சை பெற்ற தோலோ எளிதில் இறுகிவிடும். அதனால் அவர்களுடைய கணக்கு வேறு. உலகின் முதல் சிலிகோன் மார்பக இம்ப்ளான்ட் 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரண்டு மருத்துவர்களால் பொருத்தப்பட்டது. அதைப் பெற்ற பெண் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதே இம்ப்ளான்டுடன் வாழ்ந்தார். வேறு பலருக்கு இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே மறு அறுவை தேவைப்பட்டிருக்கிறது. ஆகவே அக்கம்பக்கத்தாரின் அனுபவத்தை வைத்து உங்கள் இம்ப்ளான்டின் ஆயுளைக் கணிக்க முடியாது.

முதலில் தேட வேண்டியது ஓர் அட்டை

எந்தப் பரிசோதனைக்கும் முன்பாக, அறுவை சிகிச்சையின்போது தந்த இம்ப்ளான்ட் அட்டையைத் தேடி எடுங்கள். தயாரித்த நிறுவனம், மாதிரியின் பெயர், தொகுதி எண், வரிசை எண், கனஅளவு, மேற்பரப்பு வழவழப்பானதா சொரசொரப்பானதா, பொருத்திய தேதி ஆகிய விவரங்களை அதிலிருந்து அறியலாம். அட்டை தொலைந்திருந்தால், அறுவை செய்த மருத்துவமனையின் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் அறுவைக் குறிப்பின் நகலைக் கேளுங்கள்; இம்ப்ளான்ட் பெட்டியில் வரும் ஸ்டிக்கரை அந்தக் குறிப்பில் ஒட்டி வைப்பது வழக்கம். பழைய பதிவேடுகளை மருத்துவமனைகள் காலவரையின்றிப் பாதுகாப்பதில்லை என்பதால், இந்த வேலையைத் தள்ளிப்போடாமல் செய்வது நல்லது.

இதை இத்தனை வலியுறுத்தக் காரணம் உண்டு. பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம் மருத்துவத் தர ஜெல்லுக்குப் பதிலாகத் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்குரிய மலிவான சிலிகோனை நிரப்பி விற்றது 2010-இல் அம்பலமாயிற்று. அந்த இம்ப்ளான்டுகள் வழக்கத்தைவிட அதிகமாகக் கிழிந்ததால், அவற்றை முன்னெச்சரிக்கையாக அகற்றிக்கொள்ளும்படி 2011 டிசம்பரில் பிரெஞ்சு அரசே அறிவுறுத்தியது. உலகெங்கும் சுமார் மூன்று லட்சம் பெண்கள் அவற்றைப் பெற்றிருந்ததாக மதிப்பிடப்பட்டது. அடுத்து 2019 ஜூலையில், அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகைச் சொரசொரப்பு இம்ப்ளான்டுகள் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. இரண்டு முறையும் பெண்கள் கேட்ட முதல் கேள்வி, தம் உடலில் இருப்பது எந்த நிறுவனத்துடையது என்பதுதான். அட்டை வைத்திருந்தவர்களுக்கு உடனே விடை கிடைத்தது.

உள்ளே என்னென்ன கெடலாம்

இம்ப்ளான்டில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. இரண்டுக்கும் மேலுறை சிலிகோன் ரப்பரே. உள்ளே நிரப்புவது உப்புநீரா, சிலிகோன் ஜெல்லா என்பதில்தான் வேறுபாடு. உப்புநீர் வகை கிழிந்தால் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சில நாட்களில் ஒரு பக்க மார்பகம் வற்றிச் சுருங்கிவிடும். கசிந்த நீரை உடல் தீங்கின்றி உறிஞ்சிக்கொள்ளும். ஆபத்து இல்லாவிட்டாலும் அதிக நாள் காத்திருக்கக் கூடாது, ஏனென்றால் காலியான இடம் சுருங்கிவிட்டால் புதிய இம்ப்ளான்டைப் பொருத்துவது கடினமாகும்.

சிலிகோன் ஜெல் வகையின் போக்கு வேறு. எந்த இம்ப்ளான்டை வைத்தாலும் உடல் அதைச் சுற்றி வடுத்திசுவால் ஒரு பையை உருவாக்கிக்கொள்ளும். மேலுறை கிழிந்தாலும் ஜெல் பெரும்பாலும் அந்தப் பைக்குள்ளேயே தங்கிவிடுவதால் வடிவம் மாறாது, வலி இராது, மருத்துவரின் கைக்கும் எதுவும் தட்டுப்படாது. சத்தமில்லாத கிழிசல் என்று மருத்துவர்கள் குறிப்பிடுவது இதைத்தான். எம்.ஆர்.ஐ. படத்தில் இது நன்றாகத் தெரியும்: சரிந்துபோன மேலுறை மடிந்து மடிந்து, வெண்ணிற ஜெல்லுக்குள் இடியாப்ப இழைகள் மிதப்பதைப் போன்ற கருங்கோடுகளாகத் தோன்றும். பையையும் தாண்டி ஜெல் கசிந்தால், மார்பகத்தில் புதிதாகக் கட்டி தட்டுப்படலாம், அக்குளில் நெறி கட்டலாம், வடிவம் கோணலாகலாம்.

மேலுறை ஒரே இடத்தில் ஓயாமல் மடிந்து உராய்வது, பொருத்தும்போதே ஊசியோ கத்தியோ லேசாகப் பட்டுவிடுவது, விபத்தில் நெஞ்சில் அடிபடுவது ஆகியவை கிழிசலுக்கு வழக்கமான காரணங்கள். இறுகிய மார்பகத்தைக் கையால் பலமாகப் பிசைந்து வடுத்திசுவை உடைக்கும் பழைய முறை ஒன்று உண்டு. அது இம்ப்ளான்டையே கிழித்துவிடக்கூடும் என்பதால், யார் செய்ய முன்வந்தாலும் மறுத்துவிடுங்கள்.

கிழிசலை விடவும் அடிக்கடி மறு அறுவைக்கு இட்டுச் செல்வது வடுத்திசுப் பை இறுகுவது. இதைப் பேக்கர் அளவுகோல் என்ற நான்கு படிகளில் மதிப்பிடுகிறார்கள். முதல் படியில் மார்பகம் இயல்பான மென்மையுடன் இருக்கும். இரண்டாவதில் சற்றே உறுதியாக இருந்தாலும் பார்வைக்கு வேறுபாடு தெரியாது. மூன்றாவதில் கடினமாகி வடிவமும் மாறும். நான்காவதில் அவற்றுடன் வலியும் சேரும். முதல் இரண்டு படிகளுக்கு அறுவை தேவையில்லை. மூன்றாவதிலும் நான்காவதிலும்தான் இம்ப்ளான்டோடு பையையும் எடுப்பது பற்றிப் பேச்சு வரும்.

ஒரே ஓர் அறிகுறியை மட்டும் யாரும் அலட்சியம் செய்யக் கூடாது. அறுவை முடிந்து ஓராண்டோ அதற்கு மேலோ கடந்த பின், காயமோ காய்ச்சலோ இல்லாமல் ஒரு பக்க மார்பகம் திடீரென வீங்கினால், இம்ப்ளான்டைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம். பெரும்பாலும் இதற்குச் சாதாரணக் காரணமே இருக்கும். ஆனாலும் மிக அரிதாக, வடுத்திசுப் பையில் தோன்றும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் இப்படித்தான் முதலில் தலைகாட்டும். அது இம்ப்ளான்ட் வைத்துச் சராசரியாக எட்டு முதல் பத்து ஆண்டுகளுக்குப் பிறகே வருகிறது, சொரசொரப்பு வகையோடு தொடர்புடையது. பயோசெல் திரும்பப் பெறப்பட்டபோது உலகெங்கும் பதிவாகியிருந்த 573 நோயாளிகளில் 481 பேரிடம் இருந்தவை அலர்கன் தயாரிப்புகள். அல்ட்ராசவுண்ட் பார்த்து, ஊசியால் நீரை எடுத்து, அதிலுள்ள செல்களை நுண்ணோக்கியில் ஆராய்வதோடு, இந்தப் புற்றுநோயின் அடையாளமான புரதத்தைத் தேடும் சி.டி.30 பரிசோதனையும் செய்யும்படி கேளுங்கள். தொடக்கத்திலேயே கண்டுபிடித்து, இம்ப்ளான்டையும் பையையும் முழுமையாக எடுத்துவிட்டால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். நீரை வடித்துக் கொட்டிவிட்டு ஆய்வுக்கு அனுப்பாமல் விடுவதுதான் இங்கே நேரக்கூடிய பெரும் பிழை.

எப்போது ஸ்கேன் எடுப்பது

சிலிகோன் ஜெல் வைத்திருப்பவர்கள், எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், அறுவை முடிந்த ஐந்தாவது அல்லது ஆறாவது ஆண்டில் முதல் பரிசோதனையையும், அதன்பின் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அடுத்தடுத்த பரிசோதனைகளையும் செய்துகொள்ள வேண்டும் என்பது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020-இல் திருத்திய பரிந்துரை. அதற்கு முன் எம்.ஆர்.ஐ. மட்டுமே ஏற்கப்பட்டது; இப்போது அறிகுறி இல்லாதவர்கள் அல்ட்ராசவுண்டில் தொடங்கலாம். எம்.ஆர்.ஐ. செலவை நினைத்து எந்தப் பரிசோதனைக்கும் போகாமல் இருந்தவர்களுக்கு இது உண்மையான ஆறுதல். அல்ட்ராசவுண்டில் தெளிவில்லை என்றாலோ அறிகுறி இருந்தாலோ எம்.ஆர்.ஐ. எடுத்துவிட வேண்டும். உப்புநீர் வகைக்குக் கிழிசலைத் தேடும் இந்த ஸ்கேன்கள் தேவையில்லை.

எம்.ஆர்.ஐ.க்குப் போகும்போது, இம்ப்ளான்ட் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கவே வந்திருப்பதாகப் பரிந்துரைச் சீட்டில் எழுதியிருக்கட்டும். சிலிகோனைத் தனியே பிரித்துக் காட்டும் படங்களை அதற்கேற்ப எடுப்பார்கள்; கிழிசலைப் பார்க்க மட்டும் என்றால் நரம்பில் சாய ஊசி போட வேண்டியதில்லை. மார்பகங்கள் இரண்டும் கருவியின் குழிகளுக்குள் தொங்கும்படி குப்புறப் படுத்து, அரை மணி நேரம் போல அசையாமல் இருக்க வேண்டும். கழுத்து வலியோ மூடிய இடங்களில் பயமோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே இதற்கு மாற்றாகாது. பைக்குள் அடங்கிய கிழிசலை அது காட்டாது. அதேசமயம், இம்ப்ளான்ட் இருக்கிறது என்பதற்காக மார்பகப் புற்றுநோய்க்கான மேமோகிராமையும் தவிர்க்கக் கூடாது. படம் எடுப்பவரிடம் முதலிலேயே சொன்னால், இம்ப்ளான்டைப் பின்னுக்குத் தள்ளி, திசுவை முன்னுக்கு இழுத்துக் கூடுதல் படங்கள் எடுப்பார்.

எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது

கிழிசல் உறுதியானால் இம்ப்ளான்டை எடுத்துவிடுவதே பொதுவான பரிந்துரை. ஜெல் பைக்குள்ளேயே இருந்தால் அன்றிரவே ஓட வேண்டிய அவசரம் இல்லை, நிதானமாகத் திட்டமிடலாம். இறுக்கம் மூன்றாம், நான்காம் படியை எட்டியிருந்தாலும், இம்ப்ளான்ட் இடம் பெயர்ந்திருந்தாலும், தோல் மெலிந்து விளிம்பு வெளியே துருத்தினாலும், கிருமித்தொற்று மருந்துக்கு அடங்காவிட்டாலும் அறுவை நியாயமானது. மகப்பேறு, உடல் எடை மாற்றம், வயது ஆகியவற்றால் மார்பகம் தளர்ந்து, பழுதில்லாத இம்ப்ளான்டும் பொருந்தாமல் போவதுண்டு. அப்போது அவசரம் எதுவும் இல்லை. முடிவு முழுக்க உங்கள் விருப்பம். தாய்ப்பால் கொடுத்து முடித்தவர்கள் மார்பகம் நிலைப்படும்வரை சில மாதங்கள் பொறுத்திருப்பது நல்லது.

ஸ்கேன் தெளிவாக இருந்து, மார்பகம் மென்மையாக இருந்து, தொந்தரவும் இல்லை என்றால், பன்னிரண்டு ஆண்டு ஆனாலும் பதினைந்து ஆண்டு ஆனாலும் மாற்ற வேண்டிய கட்டாயம் கிடையாது. மயக்க மருந்து, இரத்தக் கசிவு, தொற்று, மறுபடியும் இறுக்கம் என ஒவ்வொரு அறுவையும் தனக்குரிய அபாயங்களைக் கொண்டுதான் வருகிறது. திரும்பப் பெறப்பட்ட பயோசெல் வகையை வைத்திருப்பவர்களுக்குக்கூட, அறிகுறி இல்லாதபோது அகற்றும்படி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பரிந்துரைக்கவில்லை. ஆனால் புற்றுநோய் வந்துவிடுமோ என்ற அச்சத்தோடு ஒவ்வொரு நாளையும் கழிக்க முடியவில்லை என்று ஒரு பெண் சொன்னால், அதையும் மருத்துவர் ஒரு காரணமாக மதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தீராத சோர்வு, மூட்டு வலி, நினைவு மங்கல், முடி உதிர்தல் ஆகியவை இம்ப்ளான்டால் வந்தவை என்று பல பெண்கள் சொல்கிறார்கள். இதை உறுதிப்படுத்தும் பரிசோதனை எதுவும் இல்லை. எடுத்த பிறகு சிலர் நலமடைந்திருக்கிறார்கள், சிலருக்கு மாற்றம் ஏற்படவில்லை. தைராய்டு, இரத்தசோகை, மூட்டு வாதம் ஆகியவற்றை முதலில் பரிசோதித்துவிட்டு, அதன்பின் அகற்றுவது பற்றி முடிவெடுங்கள்.

அறுவைக்கு முன் பேச வேண்டியவை

பழையதை எடுத்துப் புதியது வைப்பது ஒரு வழி. எடுத்துவிட்டு எதுவும் வைக்காமல் விடுவது, தளர்ந்த தோலைத் தூக்கித் தைப்பது, உடலின் வேறிடத்திலிருந்து கொழுப்பை எடுத்து நிரப்புவது ஆகிய வழிகளும் உண்டு. புதியதை வைக்கும் எண்ணத்தோடு மட்டுமே பேசும் மருத்துவரிடம், வைக்காவிட்டால் எப்படியிருக்கும் என்று நீங்களே கேளுங்கள். வடுத்திசுப் பையை எவ்வளவு எடுக்கப்போகிறார், ஏன் என்றும் கேளுங்கள். புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் முழுவதையும் எடுத்தாக வேண்டும், மற்றவர்களுக்கு அப்படியில்லை. நெஞ்சுச் சுவரோடு ஒட்டிய பையை முழுதாகப் பிரிப்பதில் நுரையீரல் உறைக்குக் காயம் நேரும் அபாயம் இருக்கிறது.

நிறுவனம் தந்த உத்தரவாதத்தைப் படித்துப் பாருங்கள். கிழிந்தால் புதிய இம்ப்ளான்டை இலவசமாகத் தரும் நிறுவனங்கள்கூட, அறுவைச் செலவுக்கான உதவியைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் அடக்கிவிடுவது வழக்கம். கிழிந்ததைத் திருப்பி அனுப்பினால்தான் இழப்பீடு என்ற நிபந்தனையும் இருக்கலாம் என்பதால், அறுவை அன்று எடுத்ததைத் தூக்கியெறிந்துவிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

புதியது வைத்துக்கொண்டால் அதன் அட்டையைக் கையில் வாங்கிய பிறகே வீடு திரும்புங்கள். எடுத்த இம்ப்ளான்ட் எந்த நிலையில் இருந்தது என்ற அறுவைக் குறிப்பையும், திசு ஆய்வுக்கு அனுப்பியிருந்தால் அதன் அறிக்கையையும் சேர்த்து வையுங்கள். ஜெல் வகை என்றால், அடுத்த ஸ்கேனுக்கான ஐந்து, ஆறு ஆண்டுக் கணக்கு இந்தப் புதிய தேதியிலிருந்து தொடங்குகிறது.