குக்கர் விசில், சிலிண்டர் எடை, கரண்ட் போன நேரம்: வீட்டுக்குள்ளேயே இருக்கும் மைக்ரோகண்ட்ரோலர் வேலைகள்

எங்கள் கடையில் டிவியும் ஸ்டெபிலைசரும்தான் முக்கிய வேலை. சாயங்காலமானால் டிப்ளமா படிக்கிற பிள்ளைகள் ஆர்டுயினோ போர்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மைக்ரோகண்ட்ரோலர் என்ற, நாம் எழுதும் புரோகிராமை ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டர் சிப் உள்ள போர்டு அது. எல்.இ.டி.யை மினுக்கவிட்டாயிற்று, அடுத்து என்ன செய்யலாம் என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. ரோபோ, ட்ரோன் என்று ஆரம்பிப்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றே: உங்கள் வீட்டில் அடிக்கடி காதில் விழும் ஒரு கேள்வியைப் பிடியுங்கள். "எத்தனை விசில் வந்துச்சு?", "சிலிண்டர்ல இன்னும் எவ்வளவு இருக்கு?", "கரண்ட் எப்போ போச்சு?" இதற்குப் பதில் சொல்கிற போர்டு வீட்டில் நிலைக்கும். வீட்டில் உள்ளவர்கள் தினமும் அதைப் பார்ப்பார்கள், குறை சொல்வார்கள், நீங்கள் திருத்துவீர்கள். திருத்தத் திருத்தத்தான் இந்த வேலை கைக்கு வரும்.

முதலில் வாங்க வேண்டியவை. ஆர்டுயினோவில் ஊனோ ஆர்3 அல்லது நானோ போர்டு ஒன்று, இரண்டிலும் ஏ.டி.மெகா 328பி சிப்தான். 5 வோல்ட்டில் ஓடும், அனலாக் பின்னில் வரும் வோல்டேஜை 0 முதல் 1023 வரை எண்ணாகத் தரும். கூடவே சால்டர் இல்லாமல் பாகங்களைச் சொருகிப் பார்க்கும் பிரெட்போர்டு, ஜம்பர் வயர், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவில் ஒரு சுற்று சுற்றினால் போதும். மற்ற ஊர்க்காரர்களுக்கு ஆன்லைன் இருக்கிறது. விலை குறைந்த நானோக்களில் பெரும்பாலும் சி.எச்.340 என்ற யூ.எஸ்.பி. சிப் இருக்கும், கம்ப்யூட்டர் போர்டைக் கண்டுகொள்ளாவிட்டால் அதற்கான டிரைவரைப் போடுங்கள். போர்டு தெரிகிறது, புரோகிராம் மட்டும் ஏறவில்லை என்றால், புரோகிராம் எழுதி ஏற்றும் ஆர்டுயினோ மென்பொருளில் புராசஸர் பட்டியலைத் திறந்து 'ஓல்டு பூட்லோடர்' என்றிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இதற்கெல்லாம் முன்னால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றி டேட்டா கடத்தாத கேபிள்கள் எல்லார் வீட்டிலும் கிடக்கின்றன.

இங்கே சொல்லப்போகிற எதிலும் 230 வோல்ட் வயரில் கை வைக்க வேண்டியதில்லை. போன் சார்ஜர் போதும். ரிலே (போர்டு இயக்கும் சுவிட்ச்) போட்டு மோட்டார் ஓட்டுவதெல்லாம் பிறகு, அதுவும் வயரிங் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான். அந்த வோல்டேஜோடு தினமும் புழங்குகிறவன் என்பதால் இதில் நான் கறாராக இருக்கிறேன்.

விசில் எண்ணி

இதற்கு மேக்ஸ் 4466 சிப் உள்ள மைக் போர்டு வாங்குங்கள். மேக்ஸ் 9814 போர்டும் பக்கத்திலேயே விற்கும். அது சத்தத்துக்குத் தகுந்தபடி ஒலிப்பெருக்கத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். பேச்சைப் பதிவு செய்ய அது நல்லது. இங்கே நமக்கு வேண்டியது சத்தத்தின் உண்மையான ஏற்ற இறக்கம், ஆகவே 4466.

மைக் போர்டுக்கு ஊனோவின் 3.3 வோல்ட் பின்னிலிருந்து சப்ளை கொடுங்கள், அவுட்டை ஏ0 பின்னில் சொருகுங்கள். அறை அமைதியாக இருக்கும்போது 338 பக்கத்தில் ஒரு எண் வரும். அதாவது 3.3 வோல்ட்டில் பாதி. சத்தம் வந்தால் எண் இதற்கு மேலும் கீழும் துள்ளும். ஒரே ஒரு எண்ணைப் படித்துவிட்டு முடிவு செய்யக் கூடாது. 50 மில்லிசெகண்ட் நேரம் விடாமல் படித்து, அதில் வந்த பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழியுங்கள். அந்த வித்தியாசம்தான் சத்தத்தின் அளவு.

அதை ஆர்டுயினோ மென்பொருளிலேயே இருக்கும் சீரியல் பிளாட்டரில் கோடாக ஓடவிட்டு, நிஜமாகவே குக்கரை அடுப்பில் ஏற்றி உட்கார்ந்து பாருங்கள். இந்த ஒரு வேலையை யாரும் தாண்டிப் போகக் கூடாது. பாத்திரம் விழுந்தால் கோடு ஊசி மாதிரி குத்திட்டு நின்று உடனே இறங்கும். விசில் வருவதற்கு முன்னால் வெயிட் புஸ்ஸென்று சீறும்போது கொஞ்சம் தூக்கும். விசில் வந்தால் சட்டென்று ஏறி, சில விநாடி அப்படியே நின்று, இறங்கும். மிக்ஸி ஓடினால் ஏறியது இறங்காமல் நிற்கும். இந்த நாலு உருவத்தையும் கண்ணால் பார்த்துவிட்டால் புரோகிராமில் எழுத வேண்டிய விதி தானாக வந்துவிடும்.

நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் விதி இது: சத்தம், கோட்டைப் பார்த்து நீங்கள் வைத்த எல்லை எண்ணைத் தாண்டி ஒன்றரை விநாடிக்கு மேல் நின்றால் அது விசிலாக இருக்கலாம். எல்லைக்குக் கீழே வந்து 3 விநாடி அமைதியாக இருந்தால்தான் அது முடிந்தது, அப்போது ஒன்று கூட்டு. 15 விநாடியைத் தாண்டியும் இறங்கவில்லையா, மிக்ஸி, விட்டுவிடு. எண்கள் உங்கள் குக்கருக்குத் தகுந்தபடி மாறும். நேரத்தை டிலே கட்டளையால் எண்ணாதீர்கள், அது ஓடும்போது போர்டு வேறெதையும் கவனிக்காது. போர்டு ஓடத் தொடங்கி எத்தனை மில்லிசெகண்ட் ஆயிற்று என்று சொல்லும் மில்லிஸ் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

எண்ணைக் காட்ட டி.எம்.1637 டிஸ்பிளே போதும், நாலே வயர். ஒரு பட்டன் வைத்து "எத்தனை விசில் வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடலாம்: சாதத்துக்கு மூன்று, கொண்டைக்கடலைக்கு ஆறு. எண்ணிக்கை முடிந்ததும் பஸ்ஸர் கத்தட்டும். மைக்கை அடுப்புக்கு மேலே மாட்டாதீர்கள், ஆவியும் எண்ணெய்ப் புகையும் அதைக் கெடுத்துவிடும். எதிர்ச் சுவர் நல்லது. இது எண்ணத்தான் செய்யும், அடுப்பை அணைக்காது. ஆள் வீட்டில் இருக்க வேண்டும்.

சிலிண்டர் எடை

வீட்டுச் சிலிண்டரில் நிரப்பும் காஸ் 14.2 கிலோ. காலி சிலிண்டரின் எடை அதன் தலைப்பகுதியிலேயே பொறித்திருக்கும். மொத்த எடையிலிருந்து அதைக் கழித்தால் மீதி காஸ் தெரிந்துவிடும். எடையை உணரும் லோடு செல் (50 கிலோ தாங்குவது) நாலும், அதன் சிக்னலை எண்ணாக்கித் தரும் எச்.எக்ஸ்.711 போர்டும் சேர்த்து செட்டாகவே கிடைக்கும்.

லோடு செல்லில் நடுவில் ஒரு நாக்கு இருக்கும். எடை விழும்போது அது வளைய அடியில் இடம் வேண்டும். பலகையில் அப்படியே ஒட்டிவிட்டால் எடையே காட்டாது. செல்லுக்கென்று விற்கும் பிளாஸ்டிக் சட்டத்தை வாங்கி, பிளைவுட்டின் நாலு மூலையில் பொருத்துங்கள். வயர் நிறங்களை நம்பாமல் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள்: எந்த இரண்டு வயருக்கு நடுவே 2 கிலோ ஓம் வருகிறதோ அவை ஓர வயர்கள், மூன்றாவது நடு வயர். ஓர வயர்களைப் பக்கத்துச் செல்லோடு அதே நிறத்தில் சேர்த்துக்கொண்டே போனால் நாலும் ஒரு வளையமாகும். எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு நடு வயர்கள் எச்.எக்ஸ்.711 போர்டின் ஈ பிளஸ், ஈ மைனஸுக்கு. மற்ற இரண்டும் ஏ பிளஸ், ஏ மைனஸுக்கு.

அளவு சரிபார்க்கப் பிரிக்காத 25 கிலோ அரிசி மூட்டை இருந்தால் போதும். இருபது முறை படித்துச் சராசரி எடுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் மாதிரி புரோகிராம்கள் பலவற்றில் போர்டு ஆன் ஆனதும் எடையைச் சைபராக்கும் வரி இருக்கும். கரண்ட் போய் வந்தால் சிலிண்டர் மேலே இருக்கும்போதே சைபர் ஆகிவிடும். அப்புறம் அது காட்டும் எண் எதற்கும் உதவாது. அந்த வரியை எடுத்துவிட்டு, சைபர் அளவை ஈப்ராமில் (கரண்ட் போனாலும் அழியாத, சிப்புக்குள்ளேயே உள்ள நினைவகம்) சேமியுங்கள். சிலிண்டர் மாற்றும் போது மட்டும் ஒரு பட்டனை அழுத்திப் புதுச் சைபர் எடுங்கள். நாள் முழுக்க எடை தாங்கும் செல்லில் அளவு கொஞ்சம் நகரும் என்பதால் இதைச் செய்தே ஆக வேண்டும்.

காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே கீழே செல்கள் மட்டும் இருக்கட்டும். போர்டு, டிஸ்பிளே, பட்டன், சார்ஜர் எல்லாம் இடுப்புக்கு மேலே, சிலிண்டரை விட்டுத் தள்ளி, சுவரில்.

கரண்ட் போன நேரம்

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் பேட்டரியே இல்லாமல் முடியும். கரண்ட் போனதும் போர்டும் செத்துவிடும், பிறகு எப்படி எழுதும்? செத்த பிறகு எழுத வேண்டாம், உயிரோடு இருக்கும்போதே எழுதிக்கொண்டிருக்கட்டும். டி.எஸ்.1307 கடிகாரப் போர்டில் பட்டன் செல் உண்டு. அந்த செல்லின் தயவில் அழியாமல் இருக்கும் 56 பைட் நினைவகமும் அந்தச் சிப்புக்குள்ளேயே உண்டு. பத்து விநாடிக்கு ஒருமுறை அப்போதைய நேரத்தை அதில் எழுதுங்கள். கரண்ட் திரும்பி போர்டு விழித்ததும் முதல் வேலையாக அந்த நேரத்தைப் படித்து இப்போதைய நேரத்தோடு ஒப்பிட்டால் போன நேரமும் எவ்வளவு நேரம் போனது என்பதும் கிடைத்துவிடும். 20 விநாடிக்குக் குறைவானதை விட்டுவிடுங்கள்.

இதை ஏன் ஊனோவின் ஈப்ராமில் எழுதக் கூடாது என்று கேட்பார்கள். ஈப்ராம் ஓர் இடத்தில் ஒரு லட்சம் முறைதான் எழுதத் தாங்கும். நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினாலே நாளைக்கு 1,440. எழுபது நாளில் லட்சம் தாண்டிவிடும். ஆனால் ஒவ்வொரு மின்வெட்டின் விவரத்தையும் அங்கே சேமிக்கலாம், அது எப்போதாவது நடப்பதுதானே. ஒன்றுக்கு 6 பைட் என்றால் 1,024 பைட்டில் 170 மின்வெட்டு அடங்கும். டி.எஸ்.3231 துல்லியமான கடிகாரம், ஆனால் அந்தச் சிப்பில் இந்த நினைவகம் இல்லை; இந்த வேலைக்குப் பழைய 1307தான். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் இன்வெர்ட்டர் லைன் வராத பிளக்கில் சொருகுங்கள்.

இன்னும் சில

மொட்டைமாடி டேங்குக்கு எல்லோரும் ஒலி அலையால் தூரத்தை அளக்கும் அல்ட்ராசானிக் சென்சார் போடுகிறார்கள். தண்ணீர் படக்கூடிய ஜே.எஸ்.என்.எஸ்.ஆர்.04டி வாங்கினால், அது 20, 25 சென்டிமீட்டருக்குள் இருப்பதைச் சரியாக அளக்காது என்பதை மனதில் வைத்து, நிறைந்த மட்டத்துக்கு அதற்கும் மேலே பொருத்துங்கள். நிறைந்தது, காலி என்று இரண்டு மட்டும் தெரிந்தால் போதும் என்றால் தண்ணீரில் மிதந்து இயங்கும் ஃபுளோட் சுவிட்ச் இரண்டே நல்லது.

தொட்டிச் செடிக்குக் கெப்பாசிட்டிவ் வகை ஈரப்பத சென்சார். இரண்டு உலோகக் கால் வெளியே தெரியும் வகை ஈர மண்ணில் சீக்கிரமே அரித்துப் போகும்.

கொலுப் படிக்கு டபிள்யு.எஸ்.2812 எல்.இ.டி. பட்டை அழகாக இருக்கும். முழு வெள்ளையில் ஒரு எல்.இ.டி. 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும், 30 எல்.இ.டி. என்றால் 1.8 ஆம்பியர். அதை ஊனோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து எடுக்காதீர்கள், தனி அடாப்டர் வையுங்கள். இரண்டின் கிரவுண்டையும் (மைனஸ் வயர்) சேர்க்க மறக்க வேண்டாம்.

எதைச் செய்தாலும் பிரெட்போர்டில் ஒரு வாரம் ஓடட்டும். பிறகு புள்ளி போர்டில் சால்டர் செய்து பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வையுங்கள். எந்த வயர் எந்தப் பின்னில், எல்லை எண் எவ்வளவு, புரோகிராம் எந்த ஃபோல்டரில் என்று ஒரு தாளில் எழுதி டப்பாவின் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள்.