மைனிங் மெஷினைச் சொருகுவதற்கு முன்னால் சாக்கெட்டைப் பாருங்கள்

பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களுக்காக ஓயாமல் கணக்குப் போடும் மைனிங் மெஷினை வாங்குகிறவர்கள் ஹேஷ்ரேட்டை, அதாவது அது கணக்குப் போடும் வேகத்தை, பத்து முறை பார்க்கிறார்கள், அதைச் சொருகப்போகும் சாக்கெட்டை ஒரு முறைகூடப் பார்ப்பதில்லை. அயர்ன் பாக்ஸும் கெட்டிலும்கூட நிறையக் கரண்ட் இழுப்பவைதான், ஆனால் கொஞ்ச நேரத்தில் அணைத்துவிடுவோம், வயர் ஆறிவிடும். மைனர் ஆறவே விடாது, இரவும் பகலும் மாதக்கணக்கில் ஒரே இழுப்பு.

ஆன்ட்மைனர் எஸ்19 என்ற மைனிங் மெஷின் சுமார் 3250 வாட் எடுக்கும். 230 வோல்ட்டில் அது 14 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். 16 ஆம்பியர் சாக்கெட்தானே, தாங்கும் என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. மணிக்கணக்கில் நிற்காமல் ஓடும் லோடுக்கு 80 சதவீதம்தான் கணக்கு, அதாவது 12.8 ஆம்பியர். ஆகவே இந்த மெஷினுக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன், அதற்கேற்ற தடிமனான வயர், தனி பிரேக்கர் வேண்டும். 120 வோல்ட் வரும் வீடாக இருந்தால் அந்தச் சாக்கெட்டில் இது ஓடவே ஓடாது, 200 முதல் 240 வோல்ட் கேட்கும்.

பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்று 16ஐக் கழற்றிவிட்டு 32 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதைவிட ஆபத்தான வேலை இல்லை. பிரேக்கர் காப்பாற்றுவது மெஷினை அல்ல, சுவருக்குள் இருக்கும் வயரை. பிரேக்கரைப் பெரிதாக்கினால் வயர் கருகினாலும் அது விழாமல் வேடிக்கை பார்க்கும். இதே மாதிரிதான் ஆர்சிசிபி விவகாரமும், அதாவது எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச். ஒவ்வொரு பவர் சப்ளையும் எர்த்துக்குத் துளித்துளியாகக் கரண்ட் கசியவிடும், நாலைந்து மெஷின் சேர்ந்தால் ஆர்சிசிபி விழுந்துவிடும். உடனே அதை பைபாஸ் செய்துவிடாமல் மெஷின்களைத் தனித்தனி ஆர்சிசிபி உள்ள லைன்களில் பிரித்துப் போடுங்கள்.

அப்புறம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். எனக்குப் பிளக் உருகியது இதில்தான், அதுவும் ஒரு பின் லேசாக ஆடிக்கொண்டிருந்த ஒரே காரணத்துக்காக. கரண்ட் இரண்டு மடங்கானால் ஒரு இணைப்பில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும், தளர்ந்த இணைப்பில் தடையும் அதிகம், சூட்டில் அந்த இடம் இன்னும் தளரும். சுருட்டியபடியே ஓடவிட்ட கேபிளும் அப்படித்தான், சூடு வெளியேற வழி இருக்காது.

ஜிபியு ரிக், அதாவது பல கிராஃபிக்ஸ் கார்டுகளைச் சேர்த்துக் கட்டிய மைனிங் கம்ப்யூட்டர், வைத்திருப்பவர்களுக்குத் தனிப் பட்டியலே உண்டு. கார்டை மதர்போர்டு ஸ்லாட்டோடு இணைக்கும் ரைசருக்கு, ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா கனெக்டரிலிருந்து பவர் கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள். அதன் 12 வோல்ட் பின்கள் மொத்தமாக 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட்தான் தாங்கும். கார்டோ ஸ்லாட் வழியாக 75 வாட் வரை கேட்கலாம். ஒரு பவர் சப்ளையின் கழற்றி மாட்டும் மாடுலர் கேபிளை வேறு கம்பெனி சப்ளையில் சொருகுவதும் அப்படியே, பிளக் பொருந்தும், ஆனால் உள்ளே வயர் வரிசை மாறியிருக்கலாம், அப்படியானால் ஒரே நொடியில் கார்டு போய்விடும். இரண்டு சப்ளை வைத்தால் ஒரு கார்டுக்கும் அதன் ரைசருக்கும் ஒன்றிலிருந்தே கொடுங்கள்.

எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், உடம்பு முழுக்க உலோகமான மெஷின் அது. மெஷின் எடுக்கும் மின்சாரம் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும் என்பதையும் மறக்காதீர்கள். 3 கிலோவாட் மெஷின் என்றால் 3 கிலோவாட் ஹீட்டர். அதை மர அலமாரிக்குள்ளோ திரைச்சீலைக்குப் பக்கத்திலோ வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அறையில் புகை அலாரம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

புதிதாக மாட்டியதும் முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். பிளக்கின் பிளாஸ்டிக் பகுதியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடோ, பழுப்பு நிறமோ, மீன் கருகுவது போன்ற வாடையோ இருந்தால் பிளக்கை உருவ வேண்டாம், பிரேக்கரை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.