பாறை நிலத்தில் ஒரு 40 மீட்டர் ஆன்டெனா: எர்த்திலிருந்து தொடங்குவோம்

புதிதாக ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் பெற்ற நண்பர்கள் பெரும்பாலும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, கம்பியை எத்தனை மீட்டர் வெட்ட வேண்டும் என்பதுதான். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது, உங்கள் வீட்டுக் கொல்லையில் கடப்பாரை எத்தனை அடி இறங்கும் என்பது. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் மேட்டு நிலங்களில் பல இடங்களில் இரண்டடி செம்மண், அதற்குக் கீழே ஓரடி சரளை, அதன் பிறகு 'ணங்' என்று கடப்பாரை கைக்கே திரும்பி அதிரும் கருங்கல் என்றுதான் நிலம் இருக்கிறது. இந்த நிலத்தில் ஆன்டெனாவைக் கட்டிய பிறகு எர்த்தைப் பற்றி யோசித்தால் கம்பத்தின் அடித்தளத்தையே மறுபடி உடைக்க நேரும். ஆகவே இந்த விளக்கம் ஏற்றும் வரிசையில் செல்லாமல், திட்டமிட வேண்டிய வரிசையில் செல்கிறது.

எடுத்துக்காட்டாக நாம் கட்டப்போவது 40 மீட்டர் எனப்படும் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கான ஓர் இன்வெர்ட்டெட் வி (தலைகீழ் V வடிவ) ஆன்டெனா. நடுவில் 10 மீட்டர் உயரக் கம்பம், இரு பக்கமும் சரிந்து இறங்கும் கம்பிகள், அவ்வளவுதான். இந்தியாவில் இந்த அலைவரிசை 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை. கேட்பதற்கு மட்டுமென்றால் இப்போதே கட்டலாம். ஒலிபரப்புவதற்கு உரிமம் கையில் இருக்க வேண்டும்.

முதற்படி: நீளமும் உயரமும்

அரை அலைநீளக் கம்பியின் மொத்த நீளத்தை மீட்டரில் அறிய, 142.6 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் போதும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அது 20.08 மீட்டர், அதாவது பக்கத்துக்கு ஏறத்தாழ 10.04 மீட்டர். இது வெறும் செம்புக் கம்பிக்கான தொடக்கக் கணக்கு. நம் ஊர் எலக்ட்ரிக்கல் கடைகளில் எளிதாகக் கிடைப்பது பிவிசி உறையிட்ட வீட்டு ஒயரிங் கம்பி. அந்த உறையின் காரணமாக அலை கம்பியின் வழியே சற்று மெதுவாகச் செல்வதால், சரியான நீளம் இரண்டு மூன்று சதவீதம் குறைவாகவே அமையும். இருந்தாலும் முதலில் கணக்கைவிட அரை மீட்டர் கூடுதலாகவே வெட்டுங்கள்.

உயரத்தைப் பொறுத்தவரை, 7.1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 42 மீட்டர் என்பதால், 10 மீட்டர் கம்பம் கால் அலைநீளத்தைக்கூட எட்டாது. இதனால் ஆற்றலின் பெரும்பகுதி செங்குத்தாக மேலே சென்று அயனி மண்டலத்தில் பட்டுச் சுற்றுவட்டாரத்திலேயே இறங்கும். இதைக் குறையாகக் கருத வேண்டாம். பகல் நேரத்தில் சென்னை, மதுரை, கோவை, பெங்களூரு நண்பர்களுடன் பேச விரும்பும் தொடக்கநிலையாளருக்கு வேண்டியதே இதுதான். இடையில் மலைகள் மறித்து நிற்கும் பென்னாகரம், தேன்கனிக்கோட்டை பகுதியினருக்கு, மேலே சென்று இறங்கும் அலை மலையைப் பொருட்படுத்தாது என்பது பெரிய நன்மை.

இரண்டாம் படி: கணினியில் மாதிரி

கம்பியை வெட்டுவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை மாதிரி அமைப்பதில் செலவிடுங்கள். 4நெக்2, எம்மானா-கால், ஈஸிநெக் ஆகிய மூன்று மென்பொருள்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஈஸிநெக்கை அதை உருவாக்கியவர் 2022 முதல் இலவசமாக்கிவிட்டார். நான் இங்கே 4நெக்2-ஐ வைத்துச் சொல்கிறேன்.

மென்பொருள் ஒவ்வொரு கம்பியையும் சிறு துண்டுகளாகப் பிரித்தே கணக்கிடும். இன்வெர்ட்டெட் வி-யில் மின்னூட்டப் புள்ளி (கேபிள் வந்து இணையும் இடம்) சரியாக முனையில் வருவதால், அங்கே 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு சிறு கிடைமட்டக் கம்பியை வைத்து, அதை ஒரே துண்டாகக் கொண்டு, மின்னூட்டத்தை அதில் கொடுப்பது நல்ல முறை. அதன் முனைகள் ஒய் அச்சில் -0.1, 0.1 மீட்டரிலும் இசட் அச்சில் 10 மீட்டரிலும் இருக்கும். அங்கிருந்து இரு பக்கக் கம்பிகளும் ஒய் அச்சில் -7.16, 7.16 மீட்டருக்கும் இசட் அச்சில் 3 மீட்டருக்கும் இறங்கட்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் ஏறத்தாழ 90 பாகை. நடுத்துண்டு 20 சென்டிமீட்டராக இருப்பதால், பக்கக் கம்பி ஒவ்வொன்றையும் 50 துண்டுகளாகப் பிரியுங்கள். மின்னூட்டப் புள்ளியை ஒட்டிய துண்டுகளின் நீளம் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டால் மென்பொருள் தரும் மின்மறுப்பு (இம்பிடன்ஸ்) நம்பத்தக்கதாக இராது. தொடக்கநிலையாளர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

அடுத்து நிலம். மென்பொருளில் தானாக வரும் சராசரி நிலத்துக்கு மின்கடத்து திறன் மீட்டருக்கு 0.005 சீமென்ஸ், ஒப்புமை விடுதிறன் (டைஎலெக்ட்ரிக் மாறிலி) 13. நம் பாறை நிலத்துக்கு 0.002-உம் 13-உம் கொடுத்துப் பாருங்கள், அதன்பின் 0.001-உம் 5-உம் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். உண்மை நிலம் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் அருகில் எங்கோ இருக்கும். மூன்று வரைபடங்களையும் அடுத்தடுத்து வைத்தால், நிலம் மோசமாக ஆக மேல்நோக்கிச் செல்லும் ஆற்றல் எவ்வளவு குறைகிறது என்பதை உங்கள் கண்ணாலேயே காணலாம். எம்மானா-காலைப் பயன்படுத்துவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அது மின்மறுப்பைக் கணக்கிடும்போது நிலத்தை முழுமையான கடத்தியாகவே எடுத்துக்கொள்வதால், இவ்வளவு தாழ்வான ஆன்டெனாவுக்கு அது காட்டும் ஓம் கணக்கைத் தோராயமாக மட்டுமே கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: எர்த்

எர்த் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலைகள் அடங்கியிருக்கின்றன. வீட்டு மின்சாரம் வானொலிக் கருவியின் உறையில் கசிந்தால் ஆளைக் காப்பது ஒன்று. மின்னலை வீட்டுக்கு வெளியிலேயே மண்ணில் இறக்குவது மற்றொன்று. ஆன்டெனாவின் மறுபாதியாக நின்று ரேடியோ அலைவரிசை மின்னோட்டத்தைத் தாங்குவது மூன்றாவது. நாம் கட்டும் ஆன்டெனாவில் இரு பாதிகளும் கம்பியாகவே இருப்பதால் மூன்றாவது தேவையே இல்லை. முதல் இரண்டும் இல்லாமல் இருக்கவே கூடாது.

முதலில் மண்ணில் இறக்கும் எர்த் தண்டின் கணக்கைப் பார்ப்போம். 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள 3 மீட்டர் தண்டை, மின்தடை எண் 100 ஓம்-மீட்டர் உள்ள ஈர வண்டல் மண்ணில் முழுதும் இறக்கினால் சுமார் 34 ஓம் கிடைக்கும். அதே தண்டை 1000 ஓம்-மீட்டர் உள்ள காய்ந்த சரளையில் இறக்கினால் சுமார் 340 ஓம். நம் கொல்லையில் அந்தத் தண்டு 3 மீட்டர் இறங்கவும் இறங்காது. ஆழம் கிடைக்காத நிலத்தில் அகலமாகப் போக வேண்டும். அதே 1000 ஓம்-மீட்டர் நிலத்தில் 25 மில்லிமீட்டர் அகலமுள்ள ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையை அரை மீட்டர் ஆழத்தில் 20 மீட்டர் நீளத்துக்குப் புதைத்தால் சுமார் 88 ஓமுக்கு இறங்கிவிடும். மின்னல் என்பது நொடியில் மிகச் சிறு பகுதிக்குள் பாயும் மின்னோட்டம் என்பதால், ஒரே நீளப் பட்டையைவிடக் கம்பத்தின் அடியிலிருந்து நாலாபக்கமும் பிரியும் நான்கைந்து குட்டைப் பட்டைகள் மேலும் நன்றாக வேலை செய்யும்.

இரண்டாவது வழி, கம்பத்தின் அடித்தளக் கான்கிரீட். கான்கிரீட் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி நெடுநாள் வைத்திருப்பதால், அதற்குள் கிடக்கும் இரும்புக் கம்பிக் கூடு, சுற்றிலும் பாறையாக இருந்தாலும், ஒரு நல்ல எர்த்தாகிவிடுகிறது. கூட்டில் குறைந்தது 6 மீட்டர் கம்பி ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்கட்டும். அதிலிருந்து ஒரு ஜி.ஐ. பட்டையை மேலே நீட்டி விட்ட பிறகே கலவையைக் கொட்டுங்கள். எர்த்தை முதலில் திட்டமிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். கான்கிரீட் இறுகிய பின் இந்த வாய்ப்பு திரும்ப வராது.

உப்பும் கரியும் போட்டுக் குழி எடுப்பது நம் எலக்ட்ரீஷியன்களின் வழக்கம். தொடக்கத்தில் அளவு நன்றாகவே காட்டும். ஆனால் உப்பு ஒவ்வொரு மழையிலும் கரைந்து போவதோடு, இருக்கும் வரை குழாயையும் அரிக்கும். பென்டோனைட் களிமண் கிடைத்தால் அதையே போடுங்கள்.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமான செய்தி. முதல் மின்னல் வீச்சின் உச்ச மின்னோட்டம் 30,000 ஆம்பியர் அளவில் இருப்பது இயல்பு. மிகுந்த பாடுபட்டு உங்கள் எர்த்தை 1 ஓமுக்குக் கொண்டுவந்தாலும், அந்தக் கணத்தில் அது 30,000 வோல்ட்டுக்கு உயரும். ஆகவே ஓம் எண்ணைத் துரத்துவதைக் காட்டிலும், வீட்டிலுள்ள எல்லா எர்த்துகளையும் ஒன்றாகப் பிணைப்பதே உயிரையும் கருவியையும் காக்கும். ஒகேனக்கலில் நீர் ஏறும்போது ஒன்றாகப் பிணைத்த பரிசல்கள் ஒன்றாகவே உயர்வதைப் போல, பிணைத்த எர்த்துகள் சேர்ந்து உயரும். அவற்றுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு பெரிதாக எழாது.

பாலக்கோடு பக்கத்தில் ஒரு நண்பரின் வீட்டில் ஆன்டெனாவுக்கென்று தனி எர்த், மீட்டர் பெட்டிக்கென்று வேறு எர்த் என இரண்டும் 12 மீட்டர் இடைவெளியில் பிணைப்பின்றி இருந்தன. சித்திரை மாத இடி ஒன்று பக்கத்துத் தென்னையில் விழுந்தது. அவர் ஆன்டெனாவில் விழவே இல்லை. கருவியை நாங்கள் திறந்து பார்த்தபோது, ஆன்டெனா சாக்கெட்டிலிருந்து மின்சார இணைப்பு நோக்கிச் செல்லும் செம்புத் தடம் இருந்த இடத்தில் பலகையின் மேல் ஒரு கரிய கோடு மட்டுமே எஞ்சியிருந்தது. இரு எர்த்துகளுக்கும் இடையே எழுந்த வேறுபாடு, அவற்றை இணைத்த ஒரே பாதையான அந்தக் கருவியின் வழியே சென்றிருக்கிறது.

எனவே ஆன்டெனாவைக் கருவியோடு இணைக்கும் கோ-ஆக்சியல் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், சுவருக்கு வெளியே ஒரு செம்புத் தகட்டைப் பொருத்துங்கள். வாயுக் குழாய் வகை மின்னல் தடுப்பான் அதில் அமரட்டும். கம்பத்தின் எர்த், மீட்டர் பெட்டியின் எர்த், கருவியின் உறை ஆகிய மூன்றும் அந்தத் தகட்டில் சந்திக்கட்டும். இணைப்புக்கு அகலமான பட்டையையே பயன்படுத்தி, கூர்மையான வளைவின்றிக் குறுகிய தூரத்தில் கொண்டு செல்லுங்கள். ஒரு மீட்டர் கம்பியின் மின்தூண்டல் சுமார் 1 மைக்ரோஹென்றி. மின்னோட்டம் ஒரு மைக்ரோநொடியில் 20,000 ஆம்பியர் ஏறினால், அந்த ஒரு மீட்டரிலேயே 20,000 வோல்ட் எழும். செம்பை நேரடியாக ஜி.ஐ. குழாயின் மேல் வைத்து இறுக்கினால் துத்தநாகப் பூச்சு அரித்துவிடும்; நடுவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷரைக் கொடுங்கள்.

நான்காம் படி: கம்பம்

50-உம் 40-உம் மில்லிமீட்டர் ஜி.ஐ. குழாய்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி 10 மீட்டர் ஆக்கலாம். இரண்டு உயரங்களில், 120 பாகை இடைவெளியில் மும்மூன்று ஸ்டே கம்பிகள் வேண்டும். அவற்றின் முளைகள் கம்பத்திலிருந்து 6 முதல் 8 மீட்டர் தள்ளி இருக்கட்டும். மணிக்கு 144 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 98 கிலோ எடைக்கு நிகராகத் தள்ளும் என்பதால், முளையை வெறும் சரளையில் அடித்து விட்டுவிடாமல் கான்கிரீட்டில் புதையுங்கள். கம்பத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் எந்த மின்கம்பியும் செல்லக் கூடாது. இந்த இடைவெளி கிடைக்காவிட்டால் கம்பத்தின் உயரத்தைக் குறையுங்கள். ஏற்றும்போது குறைந்தது நான்கு பேர் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: அளந்து வெட்டுதல்

மின்னூட்டப் புள்ளியில் 1:1 கரண்ட் பாலன் (balun) என்ற சிறு இணைப்பியை வைத்தால் கேபிளின் வெளியுறை ஆன்டெனாவின் பகுதியாக மாறாது. பிறகு ஆன்டெனாவை அளக்கும் நேனோவிஎன்ஏ கருவியை, கேபிளின் கீழ் முனையில் திறந்த முனை, குறுக்கிணைத்த முனை, 50 ஓம் சுமை மூன்றும் வைத்துச் சமன்செய்து அளவெடுங்கள். 20.6 மீட்டர் கம்பி 6.9 மெகாஹெர்ட்ஸில் ஒத்திசைந்தால், சரியான நீளம் 20.6-ஐ 6.9-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்த 20.02 மீட்டர், பக்கத்துக்கு 29 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். உடனே வெட்டிவிடாமல் அந்த அளவைப் பின்னால் மடித்துக் கம்பியோடு இறுக முறுக்கி மறுபடி அளந்து, சரியாக இருந்த பிறகே வெட்டுங்கள்.

எர்த்தையும் இதே கவனத்துடன் அளக்க வேண்டும். எர்த் டெஸ்டரின் வெளி முளையை 30 மீட்டர் தள்ளியும், நடு முளையை அதே நேர்க்கோட்டில் 18.6 மீட்டரிலும் அடித்து அளவெடுங்கள். நான்கு பக்கமும் பிரிந்த பட்டைகள் நீளமாக இருந்தால், இரு தூரங்களையும் அதே விகிதத்தில் கூட்ட வேண்டும். மழைக்காலத்தில் எடுத்த அளவு நல்லதாகவே தோன்றும். நிலம் முழுதும் காய்ந்த பங்குனியில் எடுக்கும் அளவே உண்மையானது. அப்போதே எல்லா நட்டுகளையும் அவிழ்த்து, துரு தேய்த்து, கிரீஸ் தடவி இறுக்கி, தேதியோடு ஓம் எண்ணையும் மீட்டர் பெட்டியின் உட்பக்கத்தில் எழுதி வையுங்கள்.