வான்கோழி வளக்கறப்ப பண்ற தப்புங்க: நாட்டுக்கோழின்னு நெனச்சி ஏமாறாதீங்க

மொதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர்லாம் இல்ல. குடியாத்தம் பக்கம் வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் எடம் இருக்குது, அதுல நாலு வருஷமா வான்கோழி வெச்சிகினு இருக்கேன், கறிக்கு இல்ல, சும்மா ஆசைக்குத்தான். மொத தடவ பத்து குஞ்சு வாங்கியாந்தேன், ஒரு மாசத்துல மிஞ்சினது மூணு. எங்க ஆயா காலத்துலேந்து வீட்ல நாட்டுக்கோழி இருக்குது, அதனால "இதுல இன்னா பெரிய வேல, இதுவும் கோழிதானே, சைஸ் தான் கொஞ்சம் பெருசு"ன்னு இருந்துட்டேன். ஏழு குஞ்சு போனது நோயால இல்ல, அந்த நெனப்பாலதான்.

நாட்டுக்கோழி குஞ்சு பொரிஞ்ச மறுநாளே கீழ கெடக்கறத எல்லாம் கொத்த ஆரம்பிச்சிடும், தாய் கூப்ட்டா ஓடும். வான்கோழிக் குஞ்சுக்கு அந்த சாமர்த்தியம் கெடையாது. தீனித் தட்டு மேலயே நின்னுகினு பட்டினியில சாவும், நான் கண்ணால பாத்தேன். அதுக்கு சாப்டவே சொல்லித்தரணும். அலக மெதுவா தண்ணியில தொட்டு விடுங்க, தீனி மேல பச்சக்கீரைய பொடிசா நறுக்கித் தூவுங்க, தட்டுலயும் தண்ணியிலயும் கலர் கோலிகுண்டு ரெண்டு மூணு போட்டு வெச்சா பளபளன்னு தெரியறத கொத்தப் போயி அப்படியே தின்னப் பழகிக்கும் (முழுங்க முடியாத சைஸ் கோலியா பாத்து போடுங்க). மொத 15 நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணியில 100 மில்லி பால் கலந்து வெக்கறதும், பத்து குஞ்சுக்கு ஒரு அவிச்ச முட்டைய உதுத்துப் போடறதும் பண்ணையில எல்லாம் வழக்கமா பண்றதுதான். பால் கலந்த தண்ணி வெயில்ல சீக்கிரம் கெட்டுடும், மத்தியானம் ஒரு தடவ மாத்திடுங்க. கோழிக்கே முட்ட ஊட்றான் பாருன்னு எங்க ஆயா ஊரெல்லாம் சொல்லி சிரிச்சாங்க, ஆனா ரெண்டாவது தடவ எட்டுல ஏழு பொழச்சிது.

சூடும் அதே மாதிரிதான். மொத வாரம் 35 டிகிரி வேணும், அப்புறம் வாரத்துக்கு மூணு டிகிரி மாதிரி கொறச்சிகினே வரலாம், நாலு வாரம் தாண்டினா நம்ம ஊரு வெயிலுக்கு ராத்திரி மட்டும் லைட் போட்டா போதும். தெர்மாமீட்டர் இல்லன்னா குஞ்சுங்கள பாருங்க, பல்புக்கு அடியில ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நின்னா குளிரு, ஓரமா போயி வாய தொறந்துகினு நின்னா சூடு ஜாஸ்தி. கீழ வெறும் நியூஸ் பேப்பர் போடாதீங்க, வழுக்கி கால் ரெண்டு பக்கமும் விரிஞ்சிடும். காஞ்ச உமி போடுங்க.

தீனி வாங்கறப்ப கடையில போயி "கோழித்தீனி குடுங்க"ன்னு கேக்கறதுதான் அடுத்த தப்பு. வான்கோழிக் குஞ்சுக்கு புரதம் 28 சதவீதம் கிட்ட வேணும், பிராய்லர் ஸ்டார்ட்டர்ல (பிராய்லர் குஞ்சுக்கு மொதல்ல போடற தீனி) அவ்ளோ வராது. முட்டக் கோழித் தீனியில சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தி, குஞ்சுக்கு அத போட்டா கிட்னி போயிடும். இதவிட முக்கியமா ஒண்ணு இருக்குது, பிராய்லர் தீனி மூட்டையில ரத்தக்கழிச்சலுக்குன்னு சாலினோமைசின் இல்லன்னா நராசின்ங்கற ஒரு மருந்து கலந்து வருது, கோழிக்கு ஒண்ணும் ஆவாது, வான்கோழிக்கு அது வெஷம், கால் இழுத்துகினு படுத்துடும். மூட்டையில தெச்சிருக்கற சீட்ட படிச்சிட்டு வாங்குங்க, கடக்காரரு எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னாலும் படிங்க.

இப்ப நம்ம ஊருக்குன்னே இருக்கற தப்புக்கு வரேன். மல்லாட்ட, அதாவது நெலக்கடல. வேலூர் திருவண்ணாமல பக்கம் மல்லாட்டயும் மல்லாட்டப் புண்ணாக்கும் இல்லாத வீடு கொறவு, மாட்டுக்கு வாங்கி வெச்சது மூலையில கெடக்கும், மழையில ஈரம் பட்டு பச்சையா பூசணம் புடிச்சிருக்கும், மாட்டுக்கு வேணாம் கோழிக்குப் போடுன்னு போட்டுடுவாங்க. 1960-ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கு மேல வான்கோழிங்க திடீர்னு செத்துச்சி, காரணமே புரியாம அதுக்கு வான்கோழி எக்ஸ் நோய்னு பேரு வெச்சாங்க, எக்ஸ்னா என்னான்னு தெரியலன்னு அர்த்தம். கடசியில தேடிப் பாத்தா பிரேசில்லேந்து வந்த மல்லாட்டப் புண்ணாக்கு, அதுல புடிச்சிருந்த பூசணம். அந்த பூசணத்து வெஷத்துக்குத்தான் அஃப்லாடாக்சின்னு பேரு வெச்சாங்க. இன்னிக்கு மல்லாட்ட ஏத்துமதி பண்றவங்க லேப்ல டெஸ்ட் எடுக்கறாங்களே, அந்த கதையே வான்கோழியிலேந்து ஆரம்பிச்சதுதான். ஈரல நேரா அடிக்கற வெஷம் இது, வேகவெச்சாலும் போவாது, பூசணத்த சொரண்டி எடுத்துட்டு மீதிய போட்டாலும் உள்ள இருக்கும். அதனால பூசண வாசன லேசா அடிச்சாக்கூட குப்பையில போடுங்க, பத்து ரூபா புண்ணாக்குக்கு பாத்தா பறவ போயிடும். பூசணம் புடிச்ச உமியும் வேணாம், மூச்சுல ஏறி நுரையீரல கெடுத்துடும்.

அடுத்து, நாட்டுக்கோழியோட ஒண்ணா மேய விடறது. பாக்க அழகா இருக்குது, ஒரே கொட்டாயி, ஒரே தண்ணித் தொட்டி, செலவும் கம்மி. ஆனா கோழி குடல்ல ஒரு சின்னப் புழு இருக்குது, அந்தப் புழுவோட முட்டைக்குள்ள கருந்தலை நோய் கிருமி ஒளிஞ்சிகினு வரும். கோழிக்கு பெருசா ஒண்ணும் பண்ணாது, வான்கோழிய கொன்னுடும். எச்சம் கந்தக மஞ்சளா போவும், றெக்கைய தொங்க போட்டுகினு தனியா நிக்கும், பேர பாத்து தல கருப்பாகும்னு காத்துகினு இருக்காதீங்க, பல சமயம் ஆவாது. முத்திட்டா காப்பாத்தறது ரொம்ப கஷ்டம். அந்த முட்ட மண்ணுல வருஷக்கணக்கா கெடக்கும், மண்புழுவும் தின்னு வெச்சிருக்கும், அதனால முன்னாடி கோழி மேஞ்ச எடத்துலயே வான்கோழிய விடறதும் ஆபத்துதான். ரெண்டும் வளக்கணும்னா நடுவுல வேலி போட்டு, செருப்பக்கூட மாத்திகினு போங்க. பொய்கை சந்த மாதிரி எடத்துலேந்து புதுசா எத வாங்கியாந்தாலும் ரெண்டு மூணு வாரம் தனியா கட்டி வெச்சி பாத்துட்டு அப்புறம் சேருங்க.

தடுப்பூசி விசயத்துல நம்ம பக்கம் ஒரு தமாசு உண்டு. வெள்ளக்கழிச்சலுக்கு ராணிக்கெட் நோய்னு பேரு, எங்க தெருவுல பாதி பேரு அது ராணிப்பேட்டையில வந்த நோய்னு நெனச்சிகினு இருக்காங்க. ராணிக்கெட் வடக்க உத்தராகண்ட் மலையில இருக்கற ஊரு. நம்ம ராணிப்பேட்டையில இருக்கறது மருந்து, 1932-லேந்து அங்க கால்நடை தடுப்பு மருந்து நிலையம் நடக்குது. நாலு அஞ்சு வாரத்துல அம்மைக்கு, ஆறாவது வாரம் வெள்ளக்கழிச்சலுக்குன்னு போடுவாங்க, தேதி எல்லாம் உங்க ஊரு கால்நடை மருந்தகத்துல கேட்டு எழுதி வெச்சிக்குங்க. அம்மைய விட்டுட்டா கஷ்டம், ஏன்னா இதுக்கு தலையெல்லாம் ஏற்கனவே செவப்பு செவப்பா முண்டு முண்டாத்தான் இருக்கும், அதுல கொப்பளம் வந்தாக்கூட லேசுல தெரியாது.

நாட்டுக்கோழி அடையில வான்கோழி முட்ட வெக்கறவங்க கணக்குல தப்பு பண்ணுவாங்க. கோழி முட்டைக்கு 21 நாள், வான்கோழிக்கு 28. ரெண்டையும் ஒரே நாள்ல வெச்சா 21-ல கோழிக்குஞ்சு வந்ததும் தாய் அதுங்கள கூட்டிகினு எழுந்து போயிடும், மீதி முட்ட ஆறிப்போவும். சேத்து வெக்கவே வேணாம், அடைக்கு வான்கோழி முட்ட மட்டும் அஞ்சாறு வெய்யுங்க. குஞ்சு வந்ததும் அந்த தாய்கிட்ட விடாம தனியா எடுத்துடுங்க, புழு விசயம் மேலயே சொல்லிட்டேன்.

சித்திரையில நம்ம ஊரு நாப்பத தாண்டும், நெழலும் ரெண்டு எடத்துல தண்ணியும் இல்லாம விடாதீங்க, மத்தியானத்துல புடிச்சி தூக்கறது வேணவே வேணாம். வைகாசியில கெங்கையம்மன் சிரசு திருவிழா அன்னிக்கு பட்டாசும் பம்பையும் தூள் பறக்கும், அப்ப மெரண்டு எல்லாம் ஒரு மூலையில போயி குவியும், கீழ மாட்டினது மூச்சு முட்டி செத்துடும். மூலைய பலகை வெச்சி வளைவா மறச்சிட்டு, லேசா ஒரு லைட் போட்டு வெய்யுங்க. ஏறி ஒக்கார ஒசரத்துல கட்ட வெச்சா குதிச்சி குதிச்சி பாதம் வீங்கும், ரெண்டடி போதும்.

கடசியா சேவல். ஒண்டியா ஒரு சேவல மட்டும் வாங்கி, மடியில வெச்சி கொஞ்சி வளத்தா நல்லா பழகும்னு எல்லாரும் நெனப்பாங்க. அது பழகறது இல்ல, நம்மள அதோட இனம்னு நெனச்சிக்குது, பெரிசானதும் வால விரிச்சி நம்மகிட்டயே சண்டைக்கு வருது. விரிச்சி காட்றது "வாங்க வாங்க" இல்ல, அப்ப சின்னப் பசங்கள கிட்ட விடாதீங்க. பொட்ட நாலஞ்சு கூட இருந்தா கவனம் அதுங்க மேல போயிடும். சத்தம்னா வேற இதுக்கு ஆவாது, ஆரன் அடிச்சா பதிலுக்கு கத்தும். எங்க வீட்டு சேவலுக்கு பால்காரரு வண்டின்னா அவ்ளோ கோவம், ரெண்டு தடவ அவரு கால்ல பாஞ்சிடுச்சி, இப்ப அவரு தெருமொனையிலயே ஆரன் அடிச்சிட்டு நிக்கறாரு, நாங்கதான் சொம்ப எடுத்துகினு ஓடறோம்.