குளத்து ஓரத்துக்குத் தனிச் செடி எதற்கு? கொல்லையில் நிற்பதே போதும்

வீட்டுக் குளம் கட்டியவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அல்லியைப் பற்றி. அல்லியில் பெரிய வேலை இல்லை, வெயில் பட்டால் அது பாட்டுக்குப் பூக்கும். தலைவலி ஓரத்தில்தான். தண்ணீர் கசியாமல் இருக்கக் குளத்துக்குள் விரித்த கருப்பு ஷீட் பல்லிளித்துக்கொண்டு தெரியும். அதை மறைக்க நர்சரியில் ‘வாட்டர் பிளான்ட்’ என்று விலை கூட்டி விற்பதை வாங்கி வைப்போம். அதில் பாதி சித்திரை வெயிலைத் தாண்டாது.

நம் ஊர் குளம் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஓரத்தில் அரை அடி தண்ணீர் நிற்கும். மே மாதம் அதே இடம் வெறும் சேறு, சில நாள் அதுவும் காய்ந்திருக்கும். ஆகவே எப்போதும் தண்ணீர் கேட்கும் செடி ஓரத்துக்கு உதவாது. நனைந்தாலும் காய்ந்தாலும் தாங்குவதுதான் வேண்டும். அப்படிப்பட்டவை நம் கொல்லையிலேயே இருக்கின்றன.

1. எங்கே தேடுவது

பாத்திரம் கழுவும் தண்ணீர் போய் விழும் இடத்தைப் பாருங்கள். கிராமத்து வீடுகளில் அங்கே கல்வாழையும் சேம்பும் நிற்கும், கீழே வல்லாரை படர்ந்திருக்கும். அங்கே செழிப்பாக இருப்பது எதுவோ அது குளத்து ஓரத்திலும் பிழைக்கும். செம்பருத்தி, மல்லிகை, ரோஜா, துளசி, கற்றாழை எல்லாம் கரைக்கு மேலேயே இருக்கட்டும். வேர் தண்ணீரில் நின்றால் அழுகிவிடும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. சேம்பு இலைக்காம்பைப் பிளேடால் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். உள்ளே சின்னச் சின்ன ஓட்டைகளாகத் தெரியும். மேலிருந்து காற்று வேருக்கு இறங்கும் வழி அதுதான். சேற்றில் காற்று இல்லாவிட்டாலும் செடி மூச்சுத் திணறாது. இந்த ஓட்டை கண்ணுக்குத் தெரியாத செடிகளிலும் சில தண்ணீரைத் தாங்கும். அவற்றை ஒரு பக்கெட் தண்ணீரில் தொட்டியோடு இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுக் குளத்தில் இறக்குங்கள்.

2. எந்த ஆழத்துக்கு எது

ஆழம் என்று நான் சொல்வது, தொட்டி மண்ணின் மேல்மட்டத்திலிருந்து தண்ணீர் மட்டம் வரை.

ஈரம் மட்டும், அல்லது 2 அங்குலம் வரை: வல்லாரை, நீர்ப்பிரம்மி, பொன்னாங்கண்ணி. ஷீட்டின் விளிம்பை மறைக்க நீர்ப்பிரம்மிக்கு ஈடு கிடையாது.

2 முதல் 6 அங்குலம் வரை: கல்வாழை, சேம்பு, குடைக்கோரை. கல்வாழையில் சின்னச் சிவப்புப் பூ பூக்கும் பழைய நாட்டு ரகமே என் தேர்வு. பெரிய பூ கலப்பினங்களை நான் தண்ணீரில் வைப்பதில்லை. குடைக்கோரையைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். தெரிந்தவர் வீட்டில் தண்டின் உச்சியில் குடைபோல் விரிந்திருக்கும் இலைக்கொத்து ஒன்றை நறுக்கி வாங்கி, இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, தலைகீழாகத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். நடுவிலிருந்து வேரும் குருத்தும் வந்துவிடும்.

வெட்டிவேர் கரை சரியும் இடத்துக்கு. வெள்ளமும் வறட்சியும் அதற்கு ஒன்றுதான்.

சேம்பு வாங்கும்போது கவனம். ‘யானைக்காது’ என்று நர்சரியில் இரண்டு விதச் செடிகளை விற்பார்கள். சேம்பில் காம்பு இலையின் பிளவில் சேராது, கொஞ்சம் உள்தள்ளி இலையின் முதுகில் சேரும், நுனி கீழே தொங்கும். மற்றதில் பெரும்பாலும் காம்பு பிளவிலேயே சேரும், நுனி மேலே பார்க்கும். அது தேங்கிய தண்ணீரில் அழுகும்.

3. தரையிலிருந்து தண்ணீருக்கு மாற்றுவது

செடி சாவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மண்ணில் வளர்ந்த வேர் வேறு, தண்ணீரில் வளரும் வேர் வேறு. தரையிலிருந்து பிடுங்கிய கல்வாழையை நேராக அரை அடியில் இறக்கினால் பழைய வேர் அழுகும், புது வேர் வருவதற்குள் செடி முடிந்துவிடும். அதனால் பெரிய தூரை எடுக்காமல் பக்கக் கன்றாக எடுங்கள். வேரை நன்றாகக் கழுவுங்கள். இலையில் பாதியை வெட்டிவிடுங்கள்.

மண் கலவையில் கோகோபீட் கூடாது, மண்புழு உரமும் கூடாது. முன்னது மிதக்கும், பின்னது தண்ணீரைப் பச்சையாக்கும். கண்மாய் வண்டல் கிடைத்தால் அதுவே போதும். இல்லையென்றால் செம்மண்ணோடு களிமண். மேலே ஓர் அங்குலத்துக்குச் சின்ன ஜல்லி பரப்புங்கள், மீன் கிளறாது. தொட்டியை முதலில் ஒரு டப் தண்ணீரில் முக்கி, குமிழி வருவது நின்றபின் குளத்துக்கு எடுத்துப் போங்கள். அப்படியே இறக்கினால் குளம் டீ நிறமாகிவிடும்.

முதலில் தொட்டியின் அடி மட்டும் நனையும்படி செங்கல், ஓட்டுத்துண்டு அடுக்கி அதன்மேல் வையுங்கள். புது சிமென்ட் பிளாக் வேண்டாம், சுண்ணாம்பு கசியும். புதுக் குருத்து விரிந்ததும் ஒரு துண்டை உருவுங்கள், அடுத்த இலைக்கு இன்னொன்று. நடுவில் சந்தேகம் வந்தால் ஒரு வேரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். தோல் உருவிக்கொண்டு வந்து நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் அழுகல். வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் கவலையில்லை.

தொட்டிக்கு நான் சொல்வது, பழைய பழக்கூடைக்குள் கோணி விரிப்பது. வேருக்குத் தண்ணீர் எல்லாப் பக்கமும் போய்வரும். கோணி மக்கிப்போவதற்குள் வேர் மண்ணைக் கட்டிப் பிடித்துவிடும். துணி குரோபேக் ஈரத்தில் தூக்கினால் கைப்பிடி பிய்ந்துகொண்டு வரும்.

4. கிட்டவே விடக்கூடாதவை

சம்பு: அதன் கூர்க்கிழங்கு ஷீட்டைக் குத்தும். வெங்காயத்தாமரை, நெய்வேலிக் காட்டாமணக்கு: வைத்தவர் ஒருவர், ஊரே அழ வேண்டியதுதான்.

பின்சேர்க்கை

பதிவைப் படித்துவிட்டு, பொன்னாங்கண்ணி என்று வாய்க்காலில் பறித்து வைத்தது குளத்தையே மூடிவிட்டது என்று சிலர் எழுதியிருந்தார்கள். அது அலிகேட்டர் வீட் என்ற தென்னமெரிக்கக் களையாக இருக்கலாம். பொன்னாங்கண்ணிப் பூ இலைக்கணுவில் ஒட்டிக்கொண்டிருக்கும். களையின் பூ தனியாக நீளக் காம்பு விட்டு நிற்கும், தண்டும் உள்ளே குழல் போல வெற்றாக இருக்கும். பூக்கும்வரை பக்கெட்டில் வைத்துப் பார்த்துவிட்டுக் குளத்துக்குள் விடுங்கள். களை என்று தெரிந்தால் வெயிலில் சருகாகக் காய வையுங்கள். ஒரு கணு தப்பினாலும் முளைக்கும், வாய்க்காலில் எறிந்துவிடாதீர்கள்.

கொசு பற்றியும் நிறையக் கேள்வி. கப்பி மீன் புழுவைத் தின்னும், ஆனால் அடர்ந்த தண்டுகளுக்குள் அதனால் நுழைய முடியாது. தொட்டிக்குத் தொட்டி ஒரு சாண் இடைவெளி விடுங்கள், பழுத்த இலையை அவ்வப்போது வெட்டுங்கள். சேம்பை வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சாறு பட்டால் அரிக்கும்.

குளத்து வல்லாரையைச் சாப்பிடலாமா? நல்ல தண்ணீர், மீன் மருந்து எதுவும் போடாத குளம் என்றால் நன்றாகக் கழுவி வேகவைத்துச் சாப்பிடலாம். சமையலறைக் கழிவுத் தண்ணீர் வந்து சேரும் குளமாக இருந்தால் வேண்டாம். தண்ணீரில் இருப்பதை எல்லாம் இந்தச் செடிகள் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.