‘டிட் நாட் வென்ட்’ பிழைக்குத் தமிழிலேயே மருந்து

பினாங்கில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளையின் ஆங்கில வீட்டுப்பாடத்தில் ‘ஹி டிட் நாட் வென்ட்’ என்று இருந்தால், சிவப்பு மையால் அடித்துவிட்டு நகராதீர்கள். மலாயை வைத்து விளக்குவதும் உதவாது. அங்கே ‘போ’ என்று பொருள்படும் ‘பெர்கி’ எந்தக் காலத்துக்கும் மாறாமல் நிற்கும். தமிழை எடுங்கள்.

‘போனான்’ என்பதில் இறந்தகாலம் தெரிகிறது. ‘போகவில்லை’ என்றதும் வெறும் ‘போக’தான் மிஞ்சுகிறது. ‘போனவில்லை’ என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது! ஆங்கிலத்திலும் அப்படித்தான்: காலத்தை ‘டிட்’ சுமந்துவிட்டது, ‘கோ’ போதும்.

பிள்ளையே ‘டிட்’டை வட்டமிட்டு, பின்னால் வரும் வினைச்சொல்லுக்குக் கோடு போடட்டும். ஐந்து வாக்கியம் போதும். அதில் இரண்டு கேள்வியாக இருக்கட்டும், ‘டிட் யூ வென்ட்’ என்று அங்கேயும் சறுக்குவார்கள். ‘ஷி டஸ் நாட் கோஸ்’ பிழைக்கும் இதே வைத்தியம்: கடைசி ‘எஸ்’ஸை ‘டஸ்’ ஏற்கெனவே வாங்கிக்கொண்டது.