பழைய இத்தாலிய வைன்: ஒன்றைத் திறக்காதீர்கள், இரண்டைத் திறவுங்கள்

பத்துப் பதினைந்து வருடமான இத்தாலியச் சிவப்பு வைன் ஒரு போத்தல் கையில் கிடைத்தால் உடனே திறக்க வேண்டாம், பக்கத்தில் வைக்க இன்னொன்று கிடைக்கும் வரை பொறுங்கள். அப்பா ஹட்டன் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில் டீமேக்கர். ஒரே ஒரு தேயிலையை ஊற்றி அவர் ருசி பார்த்து நான் கண்டதே இல்லை. வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும், எல்லாவற்றிலும் ஒரே அளவு தூள், ஒரே கொதிநீர், ஒரே நேரம். பக்கத்துக் கிண்ணம் இருந்தால்தான் இந்தக் கிண்ணம் பேசும் என்பார். வைனுக்கும் இதைவிட நல்ல முறையை நான் இதுவரை பார்க்கவில்லை.

இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். ஒரே தயாரிப்பாளரின் பரோலோ, அறுவடை ஆண்டு மட்டும் வேறு, அதாவது ஒரு 2010, ஒரு 2016. அல்லது ஆண்டு ஒன்று, ஊர் வேறு: 2010 பரோலோவும் 2010 புருனெல்லோவும். பரோலோ வடமேற்கில் பியமோன்தேயில் நெபியோலோ திராட்சையில் மட்டும் செய்வது. விற்கும் முன் குறைந்தது 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். புருனெல்லோ தொஸ்கானாவில் மொந்தால்சினோ ஊரைச் சுற்றி விளையும் சாஞ்சோவேசே திராட்சையில் மட்டும் செய்வது, 2010 அறுவடை 2015 ஜனவரியில்தான் வெளியே வரலாம் என்பது சட்டம். இன்னொரு இத்தாலியச் சிவப்பு வைனான அமரோனேயை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். அது உலர்த்திய திராட்சையில் செய்வதால் கனம் அதிகம், பக்கத்தில் இருப்பதை அமுக்கிவிடும்.

வாங்கும்போது போத்தலின் கழுத்தைப் பாருங்கள். கார்க் மேலே தள்ளியிருந்தால், மூடித் தகட்டுக்கு அடியில் வைன் கசிந்து பிசுபிசுத்திருந்தால், எங்கேயோ வெயிலிலும் சூட்டிலும் கிடந்த போத்தல் அது. விட்டுவிடுங்கள். பௌர்ணமி போயா தினத்தில் மதுக்கடை திறக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு நாள் நேராக நிற்க வையுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மிலானில் வேலை செய்யும் மச்சான் கொண்டுவந்த முதல் பரோலோவைப் பஸ்ஸில் குலுக்கிக்கொண்டு வந்து அன்று இரவே திறந்தேன், வண்டல் முழுக்கக் கலந்து மண்ணும் கசப்புமாக இருந்தது, அவன் அவ்வளவு தூரம் பத்திரமாகச் சுமந்து வந்ததை நினைத்து இன்றும் மனம் வலிக்கிறது. நிறுத்தி வைத்தால் வண்டல் அடியில் இறங்கும். அப்புறம் போத்தலின் கழுத்துக்குக் கீழே டோர்ச் வெளிச்சம் படும்படி வைத்து, ஒரு கண்ணாடி ஜக்கில் நிறுத்தாமல் மெதுவாக ஊற்றுங்கள், வண்டலின் கறுப்புக் கோடு கழுத்தை நெருங்கியதும் நிறுத்துங்கள். பழைய கார்க் உதிரும், பதற வேண்டாம், சுத்தமான தேத்தண்ணி வடி போதும். ஆனால் நனைந்த சாக்கு, ஈர அட்டைப்பெட்டி மாதிரி வாடை வந்தால் கார்க்கால் கெட்ட வைன் அது, எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் தேறாது.

மலையகத்தில் இருக்கும் நமக்குக் குளிர் ஒரு வரம். இந்த வைனுக்கு 16 முதல் 18 பாகை வேண்டும், நுவரெலியாவின் சராசரியே கிட்டத்தட்ட 16. ஆனால் ஜனவரி இரவில் வீட்டுக்குள்ளேயே அதற்குக் கீழே போய்விடும், அப்போது மணம் மூடிக்கொண்டு துவர்ப்பு மட்டும் முன்னால் நிற்கும். கிளாஸை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பொறுங்கள்.

துவர்ப்பைப் படிக்க நமக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். அன்று காலையில் சீனி போடாத சாயத் தண்ணி இரண்டு கோப்பை போடுங்கள், ஒன்றை மூன்று நிமிடத்திலும் மற்றதைப் பத்து நிமிடத்திலும் வடியுங்கள். ஈறும் கன்னத்தின் உட்பக்கமும் இழுபடுகிறதே, வைனில் துவர்ப்பைத் தரும் டானின் செய்வதும் அதைத்தான். இளம் நெபியோலோ பத்து நிமிடக் கோப்பை. நன்றாக முதிர்ந்தது துவர்ப்பைக் கைவிடாது, ஆனால் அதன் ஓரங்கள் மழுங்கியிருக்கும்.

மாலையில் வேறொருவரை ஊற்றச் சொல்லுங்கள், எது எது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. ஒரே மாதிரி கிளாஸ், ஆளுக்கு 50 மில்லி. வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பாருங்கள். நெபியோலோ இயல்பிலேயே வெளிறிய நிறம், வயது ஏற ஏற விளிம்பு செங்கல் நிறமாகும். நிறம் குறைவு என்று மட்டமாக நினைத்துவிடாதீர்கள், நுவரெலியாத் தேயிலைச் சாயமும் ருஹுணுத் தேயிலையை விட வெளிறியதுதானே.

மணத்துக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பரோலோவில் காய்ந்த ரோஜாவும், புதிதாகத் தார் போட்ட ரோட்டின் வாசமும் சேர்ந்து வரும். புருனெல்லோவில் புளிப்புச் செர்ரி, தோல், புகையிலை. வயதானால் இரண்டிலும் காளான் வாசமும், மழை விட்ட காலையில் மரத்தடிச் சருகைக் கிளறினால் எழும் வாசமும் ஏறும். உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றினால் அதையே எழுதுங்கள். முதலில் எழுதுங்கள், அப்புறம் பேசுங்கள், ஒருவர் வாய்விட்டுச் சொன்னதும் மற்றவர்களுடைய மூக்கு அதன் பின்னால் போய்விடும்.

சத்தமாக உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றி, துப்பிவிடுங்கள். டீ டேஸ்டர் செய்வது இதைத்தான், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நடுவில் வெறும் பாணும் தண்ணீரும் மட்டும். கட்டச்சம்பலும் மிளகாய்க் கறியும் ருசி பார்த்து முடிந்த பிறகு. உறைப்பு நாக்கில் இருக்கும்போது டானின் தீயாக எரியும்.

அரை மணி கழித்துத் திரும்ப வாருங்கள், ஒரு மணியில் மறுபடியும், இரண்டு மணியில் மறுபடியும். முதலில் ஊமையாக இருந்தது திறந்துகொள்ளும், முதலில் மயக்கியது சில நேரம் வெறுமையாகிவிடும். மிஞ்சியதைச் சின்னப் போத்தல்களில் விளிம்பு வரை நிரப்பி, இறுக மூடி, குளிர்ந்த மூலையில் வையுங்கள். மறுநாள் இன்னொரு முறை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி, நேற்றைய குறிப்பைப் பார்க்காமல் புதிதாக எழுதுங்கள்.